பிரியாவிடை வளைவில் ஒரு வீடியோக் கடை

போட்லன்ட் நகரிலே என் ஒன்றுவிட்ட தமையனார் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், ஒரு காலைப் பொழுதில் அவர் என்னை நோக்கி, "தம்பி, மலையைக் காண வேண்டுமா, கடலைக் காண வேண்டுமா?" என்று வினவினார்.

"உலகத்தில் கடைசியாக எஞ்சியிருக்கும் பிளொக்பஸ்டர் வீடியோக் கடையைக் காண வேண்டும்" என்றேன் நான்.

அண்ணையின் மகள் கலகலவென நகைத்தாள். "ஒரு கடையைப் பார்க்கவா, சித்தப்பா, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காரில் போவது?" என்றாள். அண்ணை மாத்திரம் சிரிக்கவில்லை. "போவோம். அந்த மாதிரிக் கடையோடு எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு" என்றார்.

ஒறிகன் மாநிலத்தின் மேற்குப் பாகம் மழை பொழியும் பசுமை நிலம். பதினோராயிரம் அடிக்கு மேல் உயர்ந்து பனி சூடி நிற்கும் ஹூட் மலையைச் சுற்றிக்கொண்டு நெடுஞ்சாலை செல்கின்றது. அம்மலைத் தொடரைக் கடந்ததுமே காட்சி முற்றாக மாறிவிடுகின்றது. மழை மேகங்களை மலை தடுத்துவிடுவதால் அப்பால் உள்ளது வறண்ட மேட்டு நிலம். எங்கு நோக்கினும் புதர்களும் கருநிறப் பாறைகளுமே. அவ்வழியிலே ஓர் ஊர்ப் பலகையைக் கண்டு நான் திடுக்கிட்டேன். "மட்ராஸ்" என்று எழுதியிருந்தது! சென்னைப் பட்டினத்திலிருந்து வந்த பருத்தித் துணிக்கட்டில் இருந்த பெயரைப் பார்த்து அவ்வூருக்கு அப்பெயரைச் சூட்டினர் என்று கதை சொல்வர்.

இருபத்துநான்கு மணித்தியாலக் கூலி

மட்ராஸைக் கடந்ததும் அண்ணை தம் பழங்கணக்கைச் சொல்லத் தொடங்கினார்.

அது 1986ஆம் ஆண்டுக் கோடைகாலம். அவர் அப்பொழுது மாணவர். அவரும் மூன்று நண்பர்களும் சனிக்கிழமைகளில் காசு சேர்த்து ஒரு படமும், அதைப் போட்டுப் பார்க்கும் கருவியும் வாடகைக்கு எடுப்பது வழக்கம். எங்கள் ஊர்களிலும் அக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியும் 'டெக்'கும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து விடியவிடியப் படம் பார்த்தோம் அல்லவா? கடல் கடந்தும் கதை அதுவே.

ஒரு ஞாயிறு, திருப்பிக் கொடுக்க வேண்டிய நாடாவை அண்ணை காரின் முன்கண்ணாடியின் கீழ் வைத்துவிட்டு மறந்து போனார். மாலையில் வந்து பார்த்தபோது வெயிலிலே அதன் கூடு நெளிந்து கிடந்தது. கடையிலே தொங்கிய அறிவிப்பின்படி நாடா பழுதானால் முழு விலையும் செலுத்த வேண்டும். அந்த விலை 79 டொலர் 95 சதம்.

"அக்காலத்தில் சட்டம் விதித்த ஆகக் குறைந்த கூலி மணிக்கு 3 டொலர் 35 சதம். என் கூலியும் அதுவே. கணக்குப் பார். ஒரு படத்துக்காக ஏறக்குறைய இருபத்துநான்கு மணித்தியாலம் உழைக்க வேண்டும்!"

கையிலே பணமில்லை. வீட்டுக்கு எழுதவோ வெட்கம். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்து, "சனிக்கிழமைகளில் வந்து வேலை செய்து கழித்துவிடு" என்றாராம். அவ்வாறே அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அண்ணை நாடாக்களைச் சுற்றி வைத்தும், தட்டுகளில் அடுக்கியும் கடன் தீர்த்தார். அந்த நாட்களிலேதான் ஒரு நாடாவுக்கு ஏன் அவ்வளவு விலை என்ற இரகசியத்தையும் அறிந்துகொண்டார்.

விலையின் வரலாறு

அவர் சொன்னதை வாசகர்களுக்குச் சுருக்கித் தருகின்றேன். 1977இல் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த மக்னெற்றிக் வீடியோ என்னும் நிறுவனம், ருவென்ரியெத் செஞ்சுரி பொக்ஸ் நிறுவனத்திடம் ஐம்பது படங்களுக்கு உரிமை பெற்று, நாடாக்களிற் பதித்து விற்கத் தொடங்கியது. ஒன்றின் விலை ஏறக்குறைய 50 டொலர். அதே ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வில்ஷயர் வீதியிலே ஜோர்ஜ் அற்கின்சன் என்பவர் அந்நாடாக்களை வாங்கி, நாள் ஒன்றுக்கு 10 டொலர் வாடகைக்கு விடலானார். அங்கத்தவராகச் சேர ஆண்டுக்கு 50 டொலர் கட்டணம்.

படமெடுப்போர் முகம் சுளித்தனர். ஆயினும் அமெரிக்கச் சட்டம் கடைக்காரர் பக்கமே நின்றது. சட்டப்படி செய்த ஒரு பிரதியை விலை கொடுத்து வாங்கியவன், அதை இரவல் கொடுக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம். வாடகையில் ஒரு சதமேனும் படமெடுத்தவருக்குச் சேராது.

அதனால் அவர்கள் வேறு வழி கண்டார்கள். வாடகையிற் கிடைக்காத பங்கை விற்பனை விலையிலேயே ஏற்றிவிட்டார்கள். நாடாவைச் செய்ய ஆவது சில டொலர்களே. ஆனால் 1980களில் புதுப்படம் ஒன்றின் பட்டியல் விலை 79 டொலர் 95 சதம், 89 டொலர் 95 சதம் என்று நின்றது. அந்த விலை குடும்பத்தவரை எண்ணி இட்டதன்று. கடைக்காரரை எண்ணி இட்டது. இரண்டு மூன்று டொலருக்கு வாடகை விடும் கடைக்காரர், முப்பது தடவையாவது கொடுத்து வாங்கினால்தான் முதல் திரும்பும். அண்ணை பழுதாக்கியது அம்முப்பது வாடகைகளையே!

இடையிடையே சில படங்கள் குடும்பங்களை நோக்கி மலிவாக வந்தன. 1982இல் 'ஸ்ரார் ட்ரெக்' வரிசையின் இரண்டாம் படம் 39 டொலர் 95 சதத்துக்கும், 1987இல் 'டொப் கன்' 26 டொலர் 95 சதத்துக்கும், 1988இல் 'ஈ.ரி.' 24 டொலர் 95 சதத்துக்கும் விற்கப்பட்டன. மக்கள் இலட்சக்கணக்கில் வாங்கினர். விலை உயர்ந்திருந்தவரையில் கடைக்கு வாழ்வு. விலை தாழத் தாழ, வீட்டு அலுமாரியே கடையாயிற்று.

கடைசிக் கடை

பெண்ட் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,600 அடி உயரத்தில், டெஷூட்ஸ் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. முற்காலத்தில் இவ்வழி வந்த யாத்திரிகர் ஆற்றைப் பிரிந்து செல்லும் இடமாதலால் இதற்குப் 'பிரியாவிடை வளைவு' என்று பெயர். பின்னர் 'வளைவு' என்ற பொருளுடைய பெண்ட் என்னும் சொல் மாத்திரம் எஞ்சியது.

கடை 1992இல் வேறு பெயரோடு தொடங்கி, 2000ஆம் ஆண்டில் பிளொக்பஸ்டர் பெயரைத் தாங்கியது. 1985இல் டலஸ் நகரிலே ஒரு கடையாகப் பிறந்த அந்நிறுவனம், 2004 அளவில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் கடைகளாகப் பெருகியது. 1990களின் இறுதியில் அது படமெடுப்போரோடு ஓர் ஏற்பாடு செய்தது. நாடாவுக்கு முன்பணம் சில டொலர். பின்னர் வரும் வாடகையிற் பங்கு. பெருங்கடையின் தட்டுகளிற் புதுப்படங்கள் குவிந்தன. முழு விலை கொடுத்து வாங்கிய சிறுகடைக்காரர் பலர் ஈடுகொடுக்க முடியாது மூடினர். அண்ணை வேலை செய்த கடையும் அவ்வாண்டுகளிலே மறைந்தது.

பெருங்கடைக்கும் முடிவு வந்தது. மலிவான இறுவட்டுகளும், தபால் மூலமும் இணையத்தின் மூலமும் வந்த படங்களும் அதை விழுங்கின. 2010இல் வங்குரோத்து, 2014இன் தொடக்கத்தில் நிறுவனத்தின் சொந்தக் கடைகள் யாவும் மூடப்பட்டன. 2019 மார்ச்சில் அவுஸ்திரேலியாவில் இருந்த ஒன்றும் மூட, உலகில் எஞ்சியது இது ஒன்றே.

நீலமும் மஞ்சளுமான பெயர்ப்பலகையின் முன்னே பல நாட்டவர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். உள்ளே வாடகைக்கு இருப்பவை இறுவட்டுகள். அண்ணை தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து, ஓரிடத்தில் நின்று ஒரு பெட்டியை எடுத்தார். "இதுதான் அந்தப் படம்" என்றார். பெயரை வெளியிடேன் என்று வாக்குக் கொடுத்தபடியால் இங்கே எழுதவில்லை.

"வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்க்கலாமே, அப்பா" என்றாள் மகள்.

"பார்க்கலாம் பிள்ளை. இன்று இருக்கும், வேண்டாமென்று அவர்கள் எடுத்துவிட்டால் நாளை இராது" என்று சொல்லிப் பெட்டியை இருந்த இடத்திலே வைத்தார். வாடகைக்கு எடுத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க மீண்டும் அவ்வளவு தூரம் வர வேண்டுமே!

அன்றிரவு வீடு திரும்பியதும் அண்ணை அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொருளைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். வெயிலிலே நெளிந்த அதே நாடா. கடன் தீர்ந்த அன்று, "இனி இது உன்னுடையது" என்று கடைக்காரர் கையிலே கொடுத்தாராம். வீடியோக் கருவி செய்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானிய புனாய் 2016இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. கருவி கிடைத்தாலும் இந்த நாடா ஓடாது.

மகள் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதற்கா இருபத்துநான்கு மணித்தியாலம்?" என்றாள்.

"ஓம் பிள்ளை. அந்த நாட்களில் நான் சொந்தமாக வாங்கிய படம் இது ஒன்றுதான்" என்றார் அண்ணை. அவள் அதைப் பத்திரமாக எடுத்துச் சென்று அலுமாரியின் மேற்தட்டிலே வைத்தாள்.