முகக்குறியும் குழூஉக்குறியும்

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் உழைப்போர் ஒரு மொழியினர் அல்லர். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் தமிழ் பேசுவர். ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் வந்தோர் தத்தம் மொழி பேசுவர். இவர்கள் சமூக ஊடகங்களில் எழுதுவனவற்றைத் திரட்டி, எதற்கு மகிழ்கின்றனர், எதற்கு நோகின்றனர் என அறிய விரும்புவோன் எச்சொல்லைக் கொண்டு தேடுவான்? 'சாப்பாடு' என்னும் ஒரு சொல்லையே பாருங்கள். கைப்பேசியில் அதனை உரோம எழுத்தால் எழுதுங்கால், ஒருவர் நெடிலுக்கு ஓரெழுத்து இடுவர். மற்றொருவர் ஈரெழுத்து இடுவர். அவசரக்காரர் உயிரெழுத்துக்களையே விழுங்கிவிடுவர்.

இவ்விடர்ப்பாட்டைக் கடக்கும் வழிகளுள் ஒன்று, சொல்லை விடுத்து எமோஜியைக் கொண்டு தேடுதல். ஜப்பானியரின் கைப்பேசிகளில் வழங்கிய இப்படக்குறிகளுக்கு, 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு 6.0 பதிப்பு உலகப் பொதுவான எண்களை வகுத்தது. எழுதுவோர் எம்மொழியினராயினும், கண்ணீர் வழியச் சிரிக்கும் முகத்திற்கு எண் ஒன்றே. அவ்வெண்ணைத் தேடினால் தமிழும் இந்தியும் ஒடியாவும் ஒரே வலையில் வந்து விழும். 2015-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர், 13 மொழிகளில் 16 லட்சத்திற்கு மேற்பட்ட டுவிட்டர்ப் பதிவுகளை 83 பேரைக் கொண்டு தரம்பிரிக்கச் செய்து, 751 குறிகளுக்கு இன்பம், துன்பம், நடுநிலை என மதிப்பிட்டு ஒரு பட்டியல் வெளியிட்டனர். அப்பதின்மூன்றும் ஐரோப்பிய மொழிகளே. அப்பட்டியலைக் கொணர்ந்து நம்மவர் பேச்சை அளத்தல், பிறன் காலுக்குத் தைத்த செருப்பை நாம் அணிவது போலாம்.

சென்ற விடுமுறையில் யான் இம்முறையைச் சோதித்துப் பார்க்கலானேன். சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததன்றோ? அதுபற்றிய காணொளிகளின்கீழ் யாவரும் காணப் பொதுவில் எழுதப்பட்ட கருத்துக்களைக் குறிவாரியாகப் பிரித்தேன். முதலிலேயே ஒரு நுட்பம் எதிர்ப்பட்டது. உயர்த்திய கைமுட்டியும் கூப்பிய கைகளும் தோல்நிறத்திற்கேற்பத் துணையெண்ணொன்றை ஏற்று வருவனவாம். அத்துணையெண்ணை நீக்கிய பின்னரே எண்ணுதல் வேண்டும். இன்றேல் ஒரே கும்பிடு ஆறு கும்பிடாகச் சிதறும். அப்பால், கருப்பும் சிவப்புமாக இரு நெஞ்சங்கள் அடுத்தடுத்து வந்தன. ஐரோப்பியர் பட்டியல் நெஞ்சத்தை அன்பென்னும். நம் நாட்டிலோ அவ்விரு நிறமும் கட்சிக் கொடியைச் சுட்டும்.

கண்ணீர் வழியச் சிரிக்கும் முகமே என்னை நெடிது நிறுத்தியது. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் நகையை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்து, அது பிறத்தற்கு நான்கு நிலைக்களன்களையும் கூறும். பேதைமை கண்டு நகுதல் வேறு. பிறரை எள்ளி நகுதல் வேறு. ஊதிய உயர்வு கேட்டோரைப் பழித்தவனும் அம்முகத்தையே இட்டான். அப்பழிப்பைக் கண்டு வெகுண்ட தொழிலாளியும் அதனையே இட்டுத் திருப்பினான். எண்ணுங் கருவிக்கு இரண்டும் ஒன்று. மெய்ப்பாட்டைச் சொன்ன ஆசிரியர் அதன் நிலைக்களனையும் உடன் சொன்னதன் அருமை எனக்கு வகுப்பறையில் விளங்கியதினும் அன்று நன்கு விளங்கியது.

ஆயினும் பொதுவெளிப் பேச்சு இவ்வட்டாரத்துப் பேச்சில் ஒரு கூறே. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். உடன் பணிபுரிவோர் இறந்துவிட்டனர் என்னும் பொய்ச்செய்தியும் பரவ, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். அன்றைய அச்சமும் ஐயமும் பெரிதும் ஓடியது வாட்ஸ்அப் வழியே. அங்குச் செல்லும் செய்தியை அனுப்புவோரும் பெறுவோருமன்றிப் பிறர் படித்தல் இயலாது. 2016 முதல் அது மறையீடு செய்யப்பட்டே செல்கின்றது. எமோஜியைத் தேடுவோன் அக்கதவின் புறத்தே நிற்பவன்.

என் பெரியம்மாள் மகள் ஒரகடத்து ஆலையொன்றில் பணிபுரிந்து விடுதியில் தங்குகின்றாள். என் அட்டவணையைப் பார்த்து, "ஏன்டா தம்பி, எங்க குரூப்புல வர்ற படத்துக்கு எங்கே போய் அர்த்தம் தேடுவே?" என நகைத்தாள். நன்னூல் கற்றோர்க்குக் குழூஉக்குறி புதிதன்று. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். அக்காள் விடுதிப் பெண்களுக்கும் அத்தகையதொரு குறியுண்டு, சொல்லன்று, படம். அவர்களது வாட்ஸ்அப் குழுவில் விடுதிக் காப்பாளரும் இருப்பதால் அப்பெண்கள் தமக்குள் அதனை ஏற்படுத்திக்கொண்டனர். காண்போர்க்கு அது வெறும் அலங்காரம். எப்பட்டியலும் அதனை இன்பக்குறி என்றே எண்ணும். அவர்கட்கோ, 'இன்றைய இரவுச் சோற்றைத் தொடவேண்டா' என்பது பொருள்.

அஃது எப்படம் என்பதையும் அக்காள் சொன்னாள். யான் அதனை அட்டவணையிற் சேர்த்திலேன், ஈண்டும் எழுதேன். ஒன்பது மணியளவில் அது வருமாயின், அன்றிரவு பெண்கள் தெருமுனைக் கடையில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு மாடியேறுவார்கள்.