முதலாளி இல்லாத கல்லா

நிர்வாகப் புத்தகங்களில் உணவகச் சங்கிலி என்றாலே மெக்டொனால்ட்ஸ்தான். ரே கிராக் ஐம்பது வயதுக்கு மேல் அந்த வியாபாரத்தில் இறங்கியது, 1961-இல் மெக்டொனால்ட் சகோதரர்களிடமிருந்து மொத்தமாக வாங்கியது என்று கதை ஓடும். நடுவில் ஒரு நாயகன் நிற்பான். இந்தியன் காபி ஹவுஸில் யாரை அப்படி நிறுத்துவது? கேரளக் கிளைகளில் சுவரில் ஏ.கே.ஜி. படம் இருக்கும். அவர் ஒருநாளும் கல்லாவில் உட்கார்ந்தவரில்லை.

*

இந்தியக் காபியை உள்நாட்டில் குடித்துப் பழக்கவென்று காபி போர்டு நடத்திவந்த கடைகள்தான் காபி ஹவுஸ்கள். 1950-களின் நடுவில் போர்டு மூட ஆரம்பித்தது. ஆட்களுக்கு வேலை போயிற்று. ஏ.கே.ஜி. என்கிற ஏ.கே. கோபாலன் அப்போது மக்களவையில் கம்யூனிஸ்டுகளின் தலைவர். வேலையைத் திருப்பிக் கொடு என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம். அக்டோபரில் தில்லியில் முதல் கடை. 1958 மார்ச் 8 அன்று திருச்சூர்.

தட்டு ஏந்தியவர்களிடம் கணக்கு நோட்டைக் கொடுக்கச் சொல்வதற்குத் தொழிற்சங்கத் தலைவருக்கே தனித் துணிச்சல் வேண்டும். நஷ்டம் வந்தால் எதிரே நின்று திட்ட யாரும் இல்லை.

*

திருவனந்தபுரம் தம்பானூர் கிளை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. செங்கல் உருளை, உள்ளே தரை சரிந்து சரிந்து மேலே சுற்றிப் போகிறது. மேஜைகளும் இருக்கைகளும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. படியே இல்லாத இந்தச் சரிவில் சர்வர்கள் கைநிறையத் தட்டுகளோடு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். விசிறி மடிப்புத் தலைப்பாகை, வெள்ளை உடுப்பு, இடுப்பில் பட்டை. சூப்பர்வைசருக்கும் ஏறக்குறைய அதே உடுப்புதான், பட்டையின் நிறத்தில்தான் வித்தியாசம்.

கட்லெட்டை உடைத்தால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. மசால் தோசைக்குள்ளும் அதே பீட்ரூட். நம் ஊர்க்காரர்கள் முதல் தடவை முகம் சுளிப்பார்கள். கேரளத்தில் எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் இதே சிவப்பு.

*

மேலாளர் வெளியிலிருந்து வருவது அபூர்வம். மேஜை துடைக்கச் சேர்ந்தவர் பரிமாறப் போவார், வருஷங்கள் கழித்து கிளையையே பார்த்துக்கொள்வார். எந்த மேஜையில் ஆள் காத்திருக்கிறார் என்பது அப்படிப்பட்டவருக்குக் கண்ணை ஓட்டினாலே தெரிந்துவிடும். ஒன்றும் குடிக்காமல் இரண்டு மணி நேரம் அரசியல் பேசுகிறவரை எழுப்பிவிடாத பொறுமையும் அந்த வளர்ப்பில் வருவதுதான் என்று எனக்குத் தோன்றும். வேகமாக மேஜை காலியாக வேண்டும் என்று கணக்குப் போடும் முதலாளி அதைப் பொறுப்பாரா?

நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டு என்றால் கோஷ்டியும் வரும். சட்டென்று முடிவெடுக்க முடியாது. சில ஊர்க் கிளைகளில் நாற்காலிகளைப் பார்த்தாலே அது தெரிகிறது.

*

மெக்டொனால்ட்ஸில் ஹாரி சானபார்ன் என்பவர் கண்டுபிடித்த வழி: இடத்தை நிறுவனம் கையில் வைத்துக்கொண்டு, கிளை எடுத்தவர்களுக்கு வாடகைக்கு விடுவது. பர்கர் விற்றாலும் விற்காவிட்டாலும் வாடகை வரும். காபி ஹவுஸ் இதற்கு நேர் எதிர் முனையில் நின்றது. பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் அரை நூற்றாண்டு இருந்த கிளை வாடகைக் கட்டடத்தில்தான் இருந்தது. 2009-இல் காலி செய்ய வேண்டியதாயிற்று. பக்கத்திலேயே சர்ச் தெருவுக்குப் போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போனது, அது வேறு விஷயம்.

*

தொழிலாளியே உரிமையாளர், ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லாம் சரி. கேரளக் கிளைகளில் பல பத்தாண்டுகள் பரிமாற ஒரு பெண்கூடக் கிடையாது. தனியார் முதலாளி இதைச் செய்திருந்தால் வாசலில் கொடி கட்டியிருப்பார்கள்.