அன்று கிருத்திகை இல்லை

ஆட்டில் நான் விட்டுவைத்தது கொம்பும் குளம்பும்தான். தலைக்கறி, குடல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், நெஞ்செலும்பு சூப்பு எல்லாம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். நாட்டுக்கோழி, காடை, முயல், அயிரை மீன், நண்டு எதற்கும் முகம் சுளித்ததில்லை. சின்ன வயதில், மழை விட்ட மறுநாள் ஈசல் பிடித்து, இறகை உதிர்த்து, பொரியோடு வறுத்துத் தின்றிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் களை வெட்ட வந்தவர்கள் ஒருநாள் வரப்பில் வெள்ளெலி பிடித்துச் சுட்டார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். தின்றேன். அதற்கு ஆத்தா விளக்குமாற்றால் அடித்தாள். எலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுட்டுக் கொடுத்தது யார், யார் என்று கேட்டுக் கேட்டு அடித்தாள்.

இப்படி வளர்ந்தவன்தான் நாற்பது வயதைத் தாண்டியும், “மாட்டுக்கறி மட்டும் உடம்புக்கு ஒத்துக்காதுங்க” என்று சொல்லித் திரிந்தேன். ஒத்துக்கொள்ளுமா என்று அந்த உடம்பை நான் ஒருமுறை கூடக் கேட்டது கிடையாது.

உடுமலைப் பக்கம் காடு தோட்டமுள்ள குடும்பம் எங்களுடையது. பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, பொங்கலை வாழையிலையில் வைத்து ஊட்டிவிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். யாராவது மாட்டுக்கறியைப் பற்றிப் பேசினால் அந்தக் காட்சியைத்தான் நான் எடுத்துவிடுவேன். நமக்கு உழுது போட்ட ஜீவன், பால் கொடுத்த ஜீவன், அதை எப்படித் தின்பது என்பேன். கேட்பவர்கள் உருகிப்போவார்கள். நானும் உருகியிருக்கிறேன்.

மிச்சக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. உழவு மாடு கிழடானதும் அப்பா அதைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிப்போவார். தரகர் துண்டைப் போட்டு மறைத்து, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். அடிமாட்டுக்குத்தான் போகிறது என்று அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அங்கிருந்து லாரி கேரளத்துக்குப் போகும். கறவை வற்றிய பசுவும், அது ஈன்ற காளைக்கன்றும் அதே வழிதான் போயின. பாலுக்காக மாடு வளர்க்கிற பெரும்பாலான வீடுகளில் காளைக்கன்றுக்கு வேறு வழி இல்லை. என் கல்லூரிக்குக் கட்டிய முதல் பணம் ஒரு சோடி மயிலைக் காளை விற்ற பணம். அந்தக் காளைகளுக்கு நான்தான் தவிட்டுத் தண்ணி காட்டுவேன். அவை போன அன்று ராத்திரி அம்மா சோறு உண்ணவில்லை. மறுநாள் காலையில் பணத்தை எண்ணி என் கையில் கொடுத்ததும் அவள்தான்.

தமிழ்நாட்டில் 1958-ல் வந்த சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழ் வாங்கி வெட்டலாம். பசுவையும் கிடாரியையும் வெட்டக் கூடாது என்று 1976-ல் அரசாணை வந்தது. எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் படித்தவர்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்த சட்டம் வேறு: விற்றவனுக்குப் பாவம் இல்லை, வெட்டியவனுக்குக் கொஞ்சம், தின்றவனுக்கு முழுசும். விற்றது நாங்கள். அதனால் கணக்கு எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆட்டு விஷயத்திலாவது யோக்கியமாக இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயை இரண்டு வருடம் நான் மேய்த்தேன். கூப்பிட்டால் ஓடிவரும், என் சட்டைப் பொத்தானைக் கடிக்கும். கோயிலில் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்பித் துலுக்கினால் சாமிக்குச் சம்மதம், அதற்கும் சம்மதம். என் கிடாய் துலுக்கவே இல்லை, மசமசவென்று நின்றது. தண்ணீரை முதுகில் ஊற்றினார்கள், காதுக்குள் விட்டார்கள். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் தலையை ஆட்டாது? நான் அழுதேன். மத்தியானம் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினேன். உயிரின் மேல் உள்ள கருணையால் எந்தக் கறியையும் நான் விட்டவன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு வேலை தேடி வந்து, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். அறைத்தோழன் குடியாத்தம் பக்கத்துக்காரன். என்னை விடப் படிப்பாளி. நான் எழுதிய வேலை விண்ணப்பங்களில் பாதி அவன் திருத்திக் கொடுத்தவை. கையில் காசு இருந்தால் இருவரும் முனியாண்டி விலாஸுக்குப் போவோம், ஒரு சுக்காவைப் பங்குபோட்டுக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்கு என்னை அழைத்துப் போனான். ஊருக்கு வெளியே காலனி, ஓட்டு வீடு, வாசலில் முருங்கை. “எல்லாம் சாப்பிடுவான்மா, பயப்படாதே” என்று முன்னமே அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தான். அந்த அம்மா விடியற்காலையிலேயே ஆள் அனுப்பி, நல்ல கறியாகப் பார்த்து வாங்கிவரச் செய்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அடித்த வாசனைக்கு எனக்கு வாய் ஊறியது. பொய் சொல்லவில்லை, ஊறத்தான் செய்தது.

என்ன கறி என்று அவன் சொன்னான். உடனே, “அம்மா, இன்னைக்குக் கிருத்திகை. நான் விரதம்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தோதாகச் சொல்லியிருப்பேன். அந்த அம்மா ஆடிக் கிருத்திகை தவறாமல் திருத்தணிக்குக் காவடி எடுப்பவர். சுவரில் தொங்கிய காலண்டரை ஒருமுறை பார்த்தார், என்னையும் பார்த்தார். “சரி கண்ணு, சாமி விஷயம்” என்று மட்டும் சொன்னார். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து, எனக்கென்று தனியாக ரசம் வைத்தார். பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு டம்ளர் தயிர் வாங்கிவந்தார். பழக்கம் இல்லைம்மா என்று சொல்லியிருந்தால் ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டுச் சிரித்திருப்பார். பழக்கம் இல்லாததைத் தின்னாமல் இருப்பது குற்றம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, இதுவரை யாரிடமும் சொல்லாதது. அந்த ரசம் சோற்றையும் நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. எந்தப் பானையில் வடித்த சோறோ, எந்தக் கரண்டியோ என்று ஓடிய மனதை அடக்கிக்கொண்டு வேகவேகமாக விழுங்கினேன். அங்கே என் நாக்கு மறுத்தது மாட்டை என்றால் ரசத்துக்கு ஏன் குமட்ட வேண்டும்? அன்றிரவே சென்னைக்கு வந்து முனியாண்டி விலாஸில் சுக்கா தின்றேன். அவன் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. மேன்ஷனில் எதுவும் ரகசியம் இல்லை, இரண்டொரு நாளில் அவன் காதுக்குப் போய்விட்டது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் ஊருக்குக் கூப்பிடவும் இல்லை. தங்கை கல்யாணப் பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது.

வருடங்கள் போயின. எழுதத் தொடங்கினேன், மேடைகளில் பேசவும் தொடங்கினேன். 2017 மே மாதம், வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, அந்த மாதமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் பொருந்தச் செய்தது. இடையில் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஓர் ஆய்வு மாணவரை அடித்துக் கண்ணில் காயப்படுத்தினார்கள். ஃபேஸ்புக்கில் அன்று நான் நீளமாக எழுதினேன். என் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அரசு சொல்லக் கூடாது என்று முழங்கினேன். மழவர் பசுவைத் தின்றதற்கு அகநானூற்றில் சான்று இருக்கிறது என்று எடுத்துவைத்தேன். காலில் போட்டிருக்கும் ஷூ யார் தோல், டிசம்பர் கச்சேரியில் தலையாட்டுகிறோமே, அந்த மிருதங்கத்தில் இழுத்துக் கட்டியிருப்பது யார் தோல் என்று கேட்டேன். ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். இத்தனைக்கும் அப்போது என் தட்டில் மாட்டுக்கறி வந்ததே இல்லை. அந்தக் கோபத்தில் எங்கள் வீட்டுக் கிழட்டு மாடுகளை இனி யார் வாங்குவார்கள் என்ற கவலையும் கலந்திருந்தது. அதை எழுதவில்லை.

அந்த வருடக் கடைசியில் அலுவலக நண்பர்களோடு கொச்சி போனோம். காயலோரக் கள்ளுக்கடை. கப்பையும், தேங்காய்க்கொத்து போட்டு வறுத்த மாட்டுக்கறியும், பரோட்டாவும் வந்தன. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கிருத்திகை பார்க்கவில்லை. மூன்று தட்டு காலியானது. உடம்புக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. அங்கே சமைத்தவர் யார், என்ன சாதி என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. ஊர் தள்ளி, பாஷை மாறி, மெனு கார்டில் விலை போட்டு வந்தால் அது சுற்றுலா. தட்டைப் படம் எடுத்து, ‘உணவு அரசியல்’ என்று ஒரு வரி சேர்த்துப் போட்டேன். விருப்பக்குறிகள் குவிந்தன. ராத்திரி பார்த்தால் அவனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவன் எனக்கு எழுதிய முதல் வரி:

“இன்னைக்குக் கிருத்திகை இல்லையாடா?”

கீழே இரண்டு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள், ஏதோ கல்லூரிக் கிண்டல் என்று நினைத்து. நான் அந்த வரியை அழித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான் என்று அந்த நிமிடமே தெரியும். தெரிந்தேதான் அழித்தேன்.

அதற்கடுத்த வருடம், 2018 நவம்பரில், ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் எழும்பூரில் சுமார் 2,000 கிலோ இறைச்சியைப் பிடித்தார்கள். வால் நீளமாக இருந்ததால் நாய்க்கறி என்று பரவியது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தை முதலில் போட்டவன் நான். ‘ரோட்டோரம் பிரியாணி தின்னாதீங்க’ என்று சேர்த்தும் எழுதினேன். சில நாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்து, ஆட்டுக்கறிதான் என்று சொல்லிவிட்டார்கள். ராஜஸ்தானத்து ஆட்டுக்கு வால் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அதற்குள் எத்தனை தள்ளுவண்டிக்காரர்கள் அண்டாவை அப்படியே கவிழ்த்தார்களோ. மறுப்புச் செய்தியை நான் குழுவில் போடவில்லை. போட்டால் முதலில் போட்டவன் யார் என்று பார்ப்பார்களே. நாய்க்கறியை நான் இன்றும் தின்ன மாட்டேன். நாகாலாந்தில் 2020-ல் அரசு போட்ட நாய்க்கறித் தடையை 2023-ல் உயர் நீதிமன்றத்தின் கோஹிமா அமர்வு நீக்கியபோது, அது அவர்கள் சாப்பாடு என்று தலை ஒத்துக்கொண்டது, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. நாயோடு விளையாடி வளர்ந்தேன், அவ்வளவே. ஆனால் கிடாயோடும் விளையாடித்தான் வளர்ந்தேன். ஆகவே அந்தக் காரணமும் நிற்கவில்லை.

2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்து, மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் இடமில்லை என்றது. தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர், மாட்டுக்கறிப் பிரியாணி தெருவுக்குத் தெரு விற்கும் ஊர். எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைச் சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். பத்திரிகை நண்பர் ஒருவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். எழுதியிருந்தால் அதையும் குடியாத்தத்தில் ஒருவன் படித்திருப்பான்.

இப்போது மாட்டுக்கறி தின்கிறேன். தின்பதால் புண்ணியம் எதுவும் சேர்ந்துவிட்டதாக நினைக்கவில்லை. புதுப்பேட்டைப் பக்கம் ஒரு கடைக்கு வாடிக்கையாகப் போகிறேன். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள், அவளை விட எனக்குத்தான் தயக்கம். அங்கே உட்கார்ந்திருக்கும்போது போன மாதம் ஊரிலிருந்து மாமா கூப்பிட்டார், பக்கத்தில் சத்தமாக இருக்கிறதே, எங்கே மாப்பிள்ளை இருக்கீங்க என்று. கடையில இருக்கேனுங் மாமா, மட்டன் பிரியாணிங் என்றேன். எதிரே எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி தன் தட்டுக்குத் திரும்பினார்.