ஆறுக்கு ஏழு

செகந்திராபாத் மேற்கு மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு அலமாரியில் பாட்டி விட்டுப்போன வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் சார்மினார். நிஜாம் அரசு அடித்த ஹாலி சிக்கா. பாட்டி சுருக்கமாக ‘ஹாலி’ என்பாள். ஆங்கிலேய இந்திய ரூபாய்க்கு அவள் சொன்ன பெயர் ‘கல்தார்’.

இரண்டு பணமும் ஒரே ஊரில் புழங்கின. செகந்திராபாத் கண்டோன்மெண்டில் ஓடியது கல்தார். தாத்தாவுக்குச் சம்பளமும் அதில்தான். உசேன் சாகர் ஏரியைத் தாண்டி ஹைதராபாத்தின் பேகம் பஜாரில் பருப்பும் மிளகாயும் வாங்க ஹாலி வேண்டும். ஆறு கல்தாருக்கு ஏழு ஹாலி என்பது விகிதம். “ஆறு குடுத்தா ஏழு எண்ணி வாங்கணும். எண்ணாம கடைப்படி இறங்கக் கூடாது” என்று பாட்டி அடிக்கடி சொல்லுவாள். 1942-ல் வேலையைத் தொடங்கிய ஹைதராபாத் ஸ்டேட் பேங்குக்கு அந்த ஹாலியை நிர்வகிப்பதும் ஒரு கடமை. நிஜாமின் ராஜ்யம் 1948-ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் ஹாலி உடனே மறையவில்லை, 1959-ல்தான் செல்லாததாயிற்று. இப்படி, ஏரியைத் தாண்டினால் பணம் மாற்ற வேண்டிய ஊரில் வளர்ந்தவள் பாட்டி. பணம் மாற்றுவதும் ஒரு கொள்முதல், அதற்கும் விலை உண்டு என்பது அவளுக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது.

எனக்கு அது தெரிய 2023 அக்டோபர் ஆயிற்று. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இயந்திரக் கையேடுகளைத் திருத்திக் கொடுத்ததற்கு 1,200 டாலர் கூலி. அன்று டாலர் 83 ரூபாய் 20 காசு என்று செய்தியில் பார்த்து, மனத்துக்குள் பெருக்கியும் வைத்துவிட்டேன். கணக்கில் விழுந்தது அதைவிடக் குறைவு. வரி பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மாமா வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “வரவுச் சீட்டைக் கொண்டா, என்ன ரேட் போட்டிருக்கான்னு பார்க்கலாம்” என்றார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வழியில் இருந்த இடைநிலை வங்கி 20 டாலரை எடுத்துக்கொண்டிருந்தது. மீதி 1,180 டாலருக்கு என் வங்கி போட்ட விலை 81 ரூபாய் 70 காசு. வந்தது 96,406 ரூபாய். அதில் ஜிஎஸ்டி 173 ரூபாய் 53 காசு. நான் சந்தேகப்பட்ட வரி அவ்வளவுதான். மாற்றிய தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து, அதன்மேல் 18 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் இதுதான் விதி. ஆனால் டாலருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் விலையில் போனது 1,770 ரூபாய். வரியைப்போலப் பத்து மடங்கு.

வரிக்குப் போன 173 ரூபாய் 53 காசு சீட்டில் சுத்தமாக அச்சாகியிருந்தது. விலையில் போன 1,770 ரூபாய் எந்த இடத்திலும் இல்லை. சீட்டில் வங்கி கொடுத்த விலை இருக்கும். அன்றைய சந்தை விலை இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால்தான் நாம் கொடுத்த கூலி தெரியும். பணம் மாற்றுகிறவர் பிடித்துக்கொள்ளும் தொகைக்குத் தமிழில் ‘வட்டம்’ என்று பழைய சொல் ஒன்று உண்டு. அந்தச் சொல் வழக்கில் தேய்ந்துபோனது. வட்டம் பிடிப்பது நிற்கவில்லை.

டாலர் ஏறுமா இறங்குமா என்று யோசிப்பதை அன்றோடு விட்டேன். அது என் கையில் இல்லை. வட்டம் எவ்வளவு என்று கேட்பது என் கையில் இருக்கிறது. வங்கிகள் அன்றாடம் ‘கார்டு ரேட்’ என்று ஒரு விலைப்பட்டியல் போடுகின்றன. வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் பணத்துக்கு அதில் பார்க்க வேண்டியது ‘டி.டி. பையிங்’ (TT buying) விலை, ரொக்க டாலர் நோட்டுக்கான விலை அதைவிடக் குறைவு. நாம் வாய் திறக்காவிட்டால் பெரும்பாலும் கார்டு ரேட்டிலேயே மாற்றிவிடுவார்கள். பணம் வருவதற்கு முன்பே கிளையில் சொல்லிவைத்தால், தொகையைப் பார்த்து வங்கியின் ட்ரெஷரிப் பிரிவில் கேட்டு நல்ல விலை வாங்கித் தர முடியும். மாற்றி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை. சனி, ஞாயிறுகளில் சந்தை மூடியிருப்பதால் அப்போது கிடைக்கும் விலையை நான் ஏற்பதில்லை. அனுப்புகிறவரிடம் வழிச்செலவை அவரே ஏற்கும்படி, ‘OUR’ என்ற முறையில் அனுப்பச் சொல்கிறேன். விலைச்சீட்டை டாலரிலேயே போடுகிறேன். அங்கேயே ரூபாயாக்கி அனுப்பினால் வட்டத்தை யார் எவ்வளவு பிடித்தார்கள் என்றே தெரியாது. இதைத் தொழிலாகவே செய்பவர்கள் இ.இ.எஃப்.சி. (EEFC) என்ற அந்நியச் செலாவணிக் கணக்கில் டாலராகவே வைத்திருக்கலாம். வட்டி கிடையாது, வந்த தொகையை அடுத்த மாதக் கடைசிக்குள் செலவழிக்கவோ மாற்றவோ வேண்டும்.

கட்டணமே இல்லை என்று சொல்கிற சேவைகளும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆயிரம் டாலர் அனுப்பினால் என் கையில் எத்தனை ரூபாய் வந்து சேரும்? எல்லாக் கட்டணமும் விலையும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடும்.

நான் நாலு இடத்தில் விசாரித்துக் கேட்டு வாங்கக்கூடியவள். எல்லோராலும் அது முடியாது. எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். பெற்றவர்களின் மருந்தும் வேலைக்காரம்மாவின் சம்பளமும் அந்தப் பணத்தில் நடக்கின்றன. வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்துத் தெலங்கானா கிராமங்களுக்கு அனுப்புகிறவர்களும் இதே வட்டத்தைத்தான் கொடுக்கிறார்கள். குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐ.நா. தன் வளர்ச்சி இலக்குகளில் எழுதிவைத்திருக்கிறது. அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கேட்பது பேராசை ஆகாது. உழைத்தவர் தன் கூலியை எண்ணிப் பார்ப்பது அது.

அடுத்த மாதம் முன்கூட்டியே கிளைக்குப் போய்ச் சொன்னேன். சந்தை விலைக்கும் எனக்குக் கிடைத்த விலைக்கும் வித்தியாசம் 30 காசாகக் குறைந்தது. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு மாமாவின் மனைவியான மாமியிடம் சொன்னேன். மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்தை எத்தனையோ ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறவர் அவர். மாமாவின் வேலையே அதுவாக இருந்தும், பிள்ளை அனுப்புவதில் கணக்குப் பார்ப்பதா என்று நினைத்து, என்ன விலை என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்று மாலை மகனிடம் போனில் பேசும்போது விசாரித்தார்: “நீ அனுப்பறச்சே என்ன ரேட்டுப்பா?”

இப்போது மாதம் ஒருமுறை மாமியின் குரல் சுவர் தாண்டிக் கேட்கிறது. சந்தை விலை ஒன்று, வங்கி விலை ஒன்று. இரண்டையும் உரக்கச் சொல்லி, கழித்து, காலண்டரில் குறித்துக்கொள்கிறார்.