காற்றை நிறுக்கும் கம்பி

பால் நிறுக்கும் கொட்டகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நிறுவையில் குறைந்தால் சம்பளத்திலும் குறையும் என்பது நமக்குத் தெரியும். வண்டியின் இஞ்சினுக்கும் அப்படி ஒரு நிறுவை உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும்.

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் இந்தக் கலவையைச் செய்தது கார்பரேட்டர். பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் முறை பரவியது. அதில் காற்றை அளக்கச் சிலவற்றில் ஒரு சிறு கதவு இருந்தது. அசையும் பொருள் தேயும் அல்லவா? 1980-களில் சூடேற்றிய பிளாட்டினக் கம்பி வந்தது. தேநீரை ஊதினால் ஆறுவதுபோல், காற்று பட்டால் கம்பி குளிரும். அதைச் சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ, அதைக்கொண்டு கணினி காற்றின் எடையை அறிகிறது. அதற்கேற்பப் பெட்ரோலைக் கொடுக்கிறது.

இதை நான் ஏன் தெரிந்துகொண்டேன் என்கிறீர்களா? என் தம்பி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறான். திடீரென்று அது மேட்டில் ஏறாமல் திணறியது. ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பையே மாற்றவேண்டும் என்றார்கள். மாற்றினால் அந்த மாத வருமானம் அதற்கே சரி; மாற்றாவிட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை.

தொழிற்பயிற்சி பெறும் என் அக்காள் மகன், "மாமா, முதலில் காற்று வடிகட்டியைப் பார்ப்போம்" என்றான். வடிகட்டி ஓரத்தில் கிழிந்திருந்தது. தோட்டத்துச் செம்மண் தூசி கம்பியில் போர்வைபோல் படிந்திருந்தது. போர்த்திய கம்பி சரியாகக் குளிராது. காற்று குறைவு என்று எண்ணிக் கணினி பெட்ரோலையும் குறைத்துவிட்டது. அதற்கென்றே விற்கும் மருந்தைத் தெளித்துக் காயவிட்டு, புது வடிகட்டி போட்டான். வேன் மேடேறியது.

செம்மண் சாலையில் ஓடும் வண்டியின் வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். அந்தக் கம்பியை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள், அறுந்துபோகும்.

இன்னொன்றும் சொல்வேன். அக்காள் மகன் பட்டறைத் தொழில் படிக்கப் போனபோது, "கையில் கரி பூசும் வேலைதானே!" என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று அது மின்சாரமும் கணக்கும் கலந்த படிப்பு. உங்கள் பிள்ளைக்கு அதில் ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். நல்ல பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுங்கள்.