செபமாலையில் எண்ணிய வாத்துகள்

ஞாயிறு திருப்பலியை விட்டுவிட்டுப் பறவை பார்க்கப் போகிறான் என்பதே எங்கள் மகன்மேல் எங்களுக்கிருந்த மனத்தாங்கல். வட இங்கிலாந்தில் அவனோடு ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது, சனவரி ஞாயிறு ஒன்றில் நாங்களும் உடன் புறப்பட்டோம். வழியில் பேசித் திருத்திவிடலாம் என்ற எண்ணம் உள்ளூர இருந்தது.

சென்ற இடம் லிண்டிஸ்பார்ன். நார்தம்பர்லாந்துக் கரையை ஒட்டிய சிறு தீவு. 635-ஆம் ஆண்டில் புனித எய்டன் துறவுமடம் நிறுவிய மண். புனித கத்பர்ட் ஆயராய் இருந்த மண். கடல் வற்றும்போதுதான் சாலை வெளிப்படும். நாளுக்கு இருமுறை நீர் அதை மூடிவிடும். நேரம் தவறியோர் ஏறித் தப்புவதற்கென நடுவழியில் உயரமான கால்களின்மேல் ஒரு சிறு அறை நிற்கிறது. நாங்கள் கடந்த சிறிது நேரத்தில் சாலை மறைந்தது. இனி இருட்டிய பின்புதான் திரும்ப முடியும் என்றான் மகன். அன்றைய திருப்பலியும் அத்தோடு போயிற்று என்று மனம் கசந்தது.

காற்றோ கத்தி. கண்ணில் நீர் வடிய, சேற்று வெளியைப் பார்த்து நின்றோம். கடல் ஏற ஏறப் பறவைகள் கரையை நோக்கி ஒதுங்கின. கருங்கழுத்தும் வெளிர்வயிறும் கொண்ட பிரென்ட் வாத்துகள் அவை. வடதுருவத்தை அடுத்த சுவால்பார்டிலிருந்து, இங்குள்ள கடற்புல்லை நாடி வருகின்றன. நாடெங்கும் ஆர்வலர்கள் இப்படி நின்று நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்களாம். 1947 முதல் நடந்துவரும் வழக்கம். பெரும்பாலும் மாதம் ஒரு ஞாயிறு. இவன் நின்றதும் அதற்காகவே. பொழுதுபோக்கென்று நாங்கள்தாம் நினைத்திருந்தோம்.

விறைத்த விரலிலிருந்து எண்ணும் கருவி நழுவிச் சேற்றில் மறைந்தது. அவன் தயங்கிக் கேட்டான்:

"அம்மா, செபமாலை இருக்கிறதா?"

எங்களுக்குத் துணுக்கென்றது. வாத்து எண்ணவா செபமாலை? ஆயினும் எடுத்தோம். பத்து வாத்துக்கு ஒரு மணி. அவன் தொலைநோக்கியில் கண் பதித்து "பத்து, பத்து" என்று சொல்ல, நாங்கள் மணி தள்ளினோம். ஐம்பது மணிகள் ஒரு சுற்று. இரண்டு சுற்று முடிந்து மூன்றாவதும் பாதிக்குமேல் போயிற்று. ஆயிரத்து முந்நூறுக்கு மேல்! நடுவே ஒருமுறை கூட்டம் முழுதும் எழுந்து பறந்து அமர, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். பேசித் திருத்த வந்தவர்கள் பேச மறந்தோம்.

பின்னர் ஒரு மதிலோரம் தேநீர் ஊற்றித் தந்தபடி அவனே ஒரு கதை சொன்னான். வணக்கத்துக்குரிய பீட் எழுதியது. கத்பர்ட் தம் தனிமைத் தீவில் கட்டிய விருந்தினர் குடிலின் கூரையை இரு காகங்கள் பிய்த்தன. அவர் கடிந்து விரட்டினார். மூன்று நாள் கழித்து ஒன்று திரும்பி வந்து, சிறகு விரித்துத் தலை தாழ்த்தி நின்றது. அவர் இரண்டையும் வரவிட்டார். அவையோ பன்றிக் கொழுப்பைக் காணிக்கையாகக் கொணர்ந்தன. விருந்தினர் தம் காலணிக்கு அதைப் பூசிக்கொண்டனராம்.

"இதையெல்லாம் எப்போது படித்தாய்?" என்றோம்.

"இங்கே நிற்கும்போது வேறு யாரை நினைப்பது?" என்றான்.

அப்பால் அலைமேல் ஐடர் வாத்துகள் ஆடிக்கொண்டிருந்தன. 'கத்பர்ட்டின் வாத்து' என்பது அவற்றுக்கு அவ்வூரார் இட்ட பெயர்.

வீடு சேர்ந்தபோது இரவாகியிருந்தது. செபமாலையில் சேறு ஒட்டியிருந்தது. அவன் அதை வாங்கிப் போய், வெந்நீரில் மணி மணியாகக் கழுவித் துடைத்து எங்கள் கையில் தந்தான். அறைக்குப் போய்விடுவான் என்று நினைத்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களருகே உட்கார்ந்தான்.