இரண்டு ஏரிகள், மூன்று எல்லைகள்

கிரீஸ் என்றதும் நீலக் கடலும் வெள்ளை வீடுகளும்தான் நினைவுக்கு வரும். வடமேற்கே ஃப்ளோரினா நகரிலிருந்து மலைச்சாலையில் ஏறி இறங்கினால் அந்தச் சித்திரம் கலைந்துவிடுகிறது. சுமார் 850 மீட்டர் உயரத்தில், இரண்டு ஏரிகள். பெரிய பிரெஸ்பாவை கிரீஸ், அல்பேனியா, வடக்கு மாசிடோனியா மூன்றும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. நாணல் சூழ்ந்த சின்ன பிரெஸ்பா பெரும்பாலும் கிரீஸுக்கு. வால் மட்டும் அல்பேனியாவுக்கு.

சின்ன ஏரிக்குள் அகியோஸ் அகிலியோஸ் தீவு. சுமார் 650 மீட்டர் நீள மிதவைப் பாலத்தில் நடந்தே போகலாம். கூரையில்லாத பேராலயம் ஒன்று வரவேற்கிறது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பல்கேரிய மன்னர் சாமுவேல், லாரிஸா நகரைப் பிடித்து, அங்கிருந்த புனிதர் அகிலியோஸின் எலும்புகளைக் கொண்டுவந்து கட்டிய ஆலயம். தீவில் இன்று மிஞ்சியிருப்பவை சில குடும்பங்கள்தான்.

பெரிய ஏரிக்கரை ஊர் ப்ஸாராதெஸ். 'மீனவர்கள்' என்று பொருள். பழைய ஸ்லாவியப் பெயரான நிவிட்ஸியை 1920களில் அரசு மாற்றியது. மொழிபெயர்ப்பாளர் செய்தால் அது பணி. அரசாங்கம் செய்தால் அதற்கு வேறு பெயர். இங்கிருந்து படகில் போனால் செங்குத்துப் பாறைகளில் துறவிகளின் குகைகள். பனாகியா எலேயூஸா என்ற குகைக் கோயிலுக்குப் படிகள் மூச்சு வாங்க வைக்கின்றன. உள்ளே 1410-ஆம் ஆண்டின் சுவரோவியங்கள்.

இந்த ஊர்களின் அமைதி இயற்கையானதல்ல. 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டைகள் அருகிலுள்ள விட்ஸி, கிராமோஸ் மலைகளில்தான் நடந்தன. 1949 ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் படை தோற்றது. அவர்களோடு ஆயிரக்கணக்கான கிராமத்தினரும் எல்லை தாண்டினார்கள். பலர் திரும்பவே இல்லை. பூட்டிய வீடுகளின் மண்சுவர்கள் மெல்லக் கரைகின்றன.

மனிதர் போன இடத்தில் பறவைகள் பெருகின. டால்மேஷியன் கூழைக்கடாக்கள் உலகிலேயே அதிக அளவில் கூடு கட்டியது சின்ன பிரெஸ்பாவில்தான். 2022-இல் பறவைக் காய்ச்சல் வந்தது. கிரீஸில் 1,700-க்கும் மேற்பட்டவை மடிந்தன; பெரும்பகுதி இங்கேதான். பிழைத்தவை மீண்டும் கூடு கட்டுகின்றன. பெரிய ஏரியும் நலமாக இல்லை. சில பத்தாண்டுகளில் நீர்மட்டம் பல மீட்டர் இறங்கிவிட்டது.

உலகம் ப்ஸாராதெஸைத் திரும்பிப் பார்த்தது ஒரே நாள்: 2018 ஜூன் 17. 1991-இல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த அண்டை நாடு 'மாசிடோனியா' என்று அழைத்துக்கொண்டதை கிரீஸ் ஏற்கவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த அந்தச் சண்டை இந்த ஏரிக்கரையில்தான் கையெழுத்தாகி முடிந்தது. பெயர் 'வடக்கு மாசிடோனியா' ஆயிற்று.

"அன்று எவ்வளவு கார்கள்!" என்கிறார் படகோட்டி, அரைகுறை ஆங்கிலத்தில். அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் வெளியூரில். துடுப்பை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறார்: "நாட்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஊருக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை."